காவலூரில் கிடைத்த 'ராமானுஜன்'

நேயர்களுக்கு வணக்கம்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைப் பக்கம் போனால் காவலூர். அங்கிருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிவரும் லட்சக்கணக்கான பாறைகளில் அதுவும் ஒன்று. கண்டுபிடித்தவர் ஆர். ராஜமோகன். 'கல்கி' என்ற பெயரில் நடந்த தேடலில் அது கிடைத்தது.

காவலூர் என்றதும் 2.34 மீட்டர் தொலைநோக்கிதான் நினைவுக்கு வரும். இந்த வேலைக்குக் கைகொடுத்ததோ 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி. வானத்தின் அகலமான பரப்பை அது ஒரே படத்தில் பிடித்துவிடும். இடைவெளி விட்டு அதே பகுதியை மறுபடி படமெடுத்து ஒப்பிடுவார்கள். விண்மீன்கள் அதே இடத்தில் இருக்கும். சிறுகோள் மட்டும் சற்று நகர்ந்திருக்கும். பொடிப்பொடியான ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்குள் அந்த ஒன்றைத் தேடிப் பிடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

சரி, உடனே பெயர் வைத்துவிடலாமா? முடியாது. முதலில் '1988 டிக்யூ1' என்று ஒரு தற்காலிகக் குறியீடு. 'டி' என்றால் பிப்ரவரியின் பிற்பாதி. அப்புறம் வெவ்வேறு ஆண்டுகளில் அது எங்கே தென்பட்டது என்று பார்த்து, சுற்றுப்பாதையைத் துல்லியமாகக் கணக்கிட்ட பிறகே நிரந்தர எண் கிடைக்கும். இதற்குக் கிடைத்தது 4130. எண் வந்த பிறகே கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழியலாம். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு அதை ஏற்க வேண்டும். காசு கட்டினால் விண்மீனுக்கு உங்கள் பெயர் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

4130க்கு வைத்த பெயர் 'ராமானுஜன்'. கணித மேதையின் நூற்றாண்டு முடிந்த சில மாதங்களில் கிடைத்த பாறை அது. கணக்கில் தேறினால்தான் பெயர் என்ற முறையில் அவர் பெயரே அமைந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்னொரு நிறைவும் உண்டு. 1861இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் பாக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இந்தக் கண்டத்திலிருந்து கிடைத்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்று பெயர். அவர் கடைசியாகக் கண்டது 1885இல், 'வேரா'. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் இந்திய மண்ணிலிருந்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காவலூர்தான் அந்த இடைவெளியை முடித்தது. தொடர்ந்து ராஜமோகன் இன்னும் சில சிறுகோள்களைக் கண்டார். அவற்றில் ஒன்றுக்கு, அப்போது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஜே.சி. பட்டாச்சார்யாவின் பெயர் சூட்டப்பட்டது.

நன்றி, வணக்கம்.