சமநிலை வந்தால் கோப்பை யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். கோல்ஃப் மன்றப் போட்டிகளில் ஆட்ட அட்டைகளைச் சரிபார்ப்பது என் வேலை. சம எண்ணிக்கையில் வந்தும் கோப்பையை விட்டவர், பரிசளிப்பு விருந்தில் நேராக என்னிடம்தான் வருவார். "எதை வைத்து அவருக்குக் கொடுத்தீங்க, அண்ணே?" அதற்குப் பதில் நம் கையில் இருக்க வேண்டும்.

தொழில்முறைப் போட்டிகளில் மறுபடி ஆடவைத்துத் தீர்ப்பார்கள். அமெரிக்க ஓப்பனில் 2018 முதல் இரண்டு குழி ஆட்டம். அதற்கு முன்பு மறுநாள் வந்து 18 குழியும் ஆட வேண்டும். சிங்கப்பூரில் நமக்கு அது தோதுப்படாது. பிற்பகலில் மின்னல் சைரன் ஒலித்தால் திடலைவிட்டு ஓட வேண்டும், ஏழேகால் ஆனால் இருட்டிவிடும். அதனால்தான் கவுண்ட்பேக். அட்டையில் கடைசி ஒன்பது குழிகளைக் குறைந்த அடிகளில் முடித்தவர் யார் என்று பார்ப்போம். அதுவும் சமமென்றால் கடைசி ஆறு, அப்புறம் மூன்று, கடைசியில் பதினெட்டாவது குழி.

தகராறு வருவது ஹேண்டிகேப்பைக் கழிக்கும்போது. திறமை குறைந்தவரும் சமமாகப் போட்டியிட, அவரவர் மொத்த அடிகளிலிருந்து கழித்துக்கொடுக்கும் சலுகை எண்தான் ஹேண்டிகேப். ஒருவருக்கு ஹேண்டிகேப் 7, அடித்தது 79. இன்னொருவருக்கு 24, அடித்தது 96. கழித்தால் இருவருக்கும் 72. கடைசி ஒன்பதில் முதலாமவர் 40, மற்றவர் 48. ஒன்பது குழிக்கு ஹேண்டிகேப்பில் பாதிதான் கழியும். ஆக 36.5-க்கு எதிராக 36, இரண்டாமவருக்கு வெற்றி. மூன்றரையை நான்கு என்று எழுதிவிட்டால்? மறுபடி சமம், ஆட்டம் கடைசி ஆறு குழிக்குப் போய்விடும். அரை அடியில் கோப்பை கைமாறலாம். பின்னத்தை அப்படியே வைப்பதா, முழு எண்ணாக்குவதா என்று அட்டைகள் வந்த பிறகு முடிவெடுப்பது அநியாயம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் தொடங்கும் ஷாட்கன் போட்டியில் இன்னொரு சிக்கல். ஏழாவதில் தொடங்கியவர் ஆறாவதில் முடிப்பார். எனவே கடைசி ஒன்பது என்பது எல்லாருக்கும் 10 முதல் 18 வரை என்று எண்ணைப் போட்டே சொல்லிவிடுங்கள்.

சமநிலை என்றால் ஹேண்டிகேப் குறைந்தவருக்கே பரிசு என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருவரையும் சமமாக்கத்தானே ஹேண்டிகேப்பைக் கழித்தோம்? பிறகு அதையே காட்டி ஒருவரைத் தள்ளிவிடுவது முறையல்ல.

கோப்பைக்கு மட்டும் கவுண்ட்பேக் வையுங்கள். இரண்டாம் இடத்தில் இருவர் சமமாக வந்தால், இரண்டாம், மூன்றாம் பரிசு வவுச்சர்களைக் கூட்டிச் சரிபாதியாகக் கொடுங்கள். அடுத்த போட்டியை நடத்துபவர்கள் இதையெல்லாம் பதிவுப் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.