பத்துப் புழு போதும், பாத்தி வேண்டும்

(டெக்சாஸில் ஒரு தமிழ்ப் பள்ளியின் கல்வியாண்டுத் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்த செயலாளர் தம்பி அவர்களே, விடியற்காலையிலிருந்து சமையற்கூடத்தில் நின்று பொங்கலும் வடையும் செய்துகொண்டிருக்கும் தாய்மார்களே, கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் செல்லங்களே, எல்லாருக்கும் வணக்கம். கோயில் நிர்வாகக் குழுவிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். அவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

வீட்டில் மோனார்க் வண்ணத்துப்பூச்சி வளர்ப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: வளர்க்கும் முறை, அவற்றுக்கு வரும் நோய், குளிர்காலத்துக்கு அவை போய்ச் சேரும் மெக்சிகோ மலைகள். மூன்றுக்கும் எனக்குப் பழமொழி ஒன்றுதான். அகல உழுவதை விட ஆழ உழு.

இந்த வசந்தத்தில் நம் ஊரில் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தை. மோனார்க் முட்டையிடும், அதன் புழு தின்னும் மில்க்வீட் செடியின் இலைகளைச் சாலையோரத்திலிருந்து முட்டையோடு பறித்து வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டாள். நாலைந்து நாளில் எல்லாம் பொரிந்து, டப்பா முழுக்கப் புழு. நாற்பதாவது இருக்கும். வளர வளர இலை பறந்தது. ராத்திரி எட்டு மணிக்கு அப்பா காரை எடுத்துக்கொண்டு ஓடி, ஒரு நர்சரியில் நாலு தொட்டி மில்க்வீட் வாங்கி வந்தார். அந்தச் செடியில் பூச்சிமருந்து இருந்திருக்கிறது. காலையில் பார்த்தால் புழுக்கள் பச்சையாகக் கக்கிச் சுருண்டு கிடக்கின்றன. குழந்தை சாப்பிட மாட்டேன் என்று ஒரே அழுகை.

அந்தச் சமயத்தில்தான் ஆச்சி ஊரிலிருந்து வந்து இறங்குகிறார். திருநெல்வேலிப் பக்கம். மருந்து படாத ஒரு செடியின் இலையைக் கிள்ளினார். பால் வடிந்தது. "இது நம்ம எருக்கஞ்சாதில்லா!" என்றார். தாவரவியல் படித்தவர்கள் சொல்வதும் அதைத்தான். எருக்கும் மில்க்வீடும் ஒரே குடும்பம். நம் ஊர் எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் மோனார்க்கும் ஒரே பேரினம், டானஸ். பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை கட்டிய கை அல்லவா, அதற்குத் தெரியாதா?

"ஏட்டி, அழாத. எத்தனைக்கு இலை இருக்கோ அத்தனைதான் புழு" என்று சொல்லி, தப்பிப் பிழைத்ததில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டார். மிச்சத்தைத் தோட்டத்துச் செடியிலேயே விட்டாயிற்று. தினமும் காலையில் எச்சத்தைத் தட்டிக் கொட்டுவது, இலைக்காம்பில் ஈரத்துணி சுற்றுவது, டப்பாவை பிளீச் கலந்த தண்ணீரில் கழுவிக் காயவைப்பது, எல்லாம் ஆச்சி பொறுப்பு. இரண்டு வாரத்தில் ஒரு புழு வலைமூடியில் ஏறித் தலைகீழாக, தூண்டில் முள்ளாக வளைந்து தொங்கியது. ஆச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுநாள் முதுகுத் தோல் பிளந்தது. உள்ளே இளம்பச்சை. கூடு நெளிந்து நெளிந்து பழைய தோலை உதறிக் கீழே தள்ளியது. கூடு இறுகியதும் அதன் மேல் பொன்னிறத்தில் ஒரு கோடு. ஆச்சி ஊரில் இருக்கும் தங்கைக்கு போனைப் போட்டு, "ஏளா, இதுக்குச் சரிகை போட்டிருக்குளா!" என்று கத்தினாராம்.

(கைதட்டல்)

ஆறில் ஐந்து பறந்தன. ஆச்சி உழுதது ஆழம். ஒரு குடும்பம் ஆண்டுக்குப் பத்துக்கு மேல் வளர்க்க வேண்டாம் என்பதுதான் ஸெர்சீஸ் சங்கம் போன்ற பாதுகாப்பு அமைப்புகள் சொல்லும் கணக்கும்.

நோயைப் பற்றி. ஓ.இ. என்னும் ஒட்டுண்ணியின் வித்துகள் தாய்ப்பூச்சியின் உடலிலிருந்து முட்டையிலும் இலையிலும் உதிரும். புழு அதைத் தின்னும். நெருக்கி அடைத்தால் பரவும். கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் டிராப்பிகல் மில்க்வீட் நம் தெற்கு டெக்சாஸ் குளிரில் பட்டுப்போவதில்லை. அதனால் அந்த வித்துகளும் செடியிலேயே தங்கிவிடுகின்றன. வைத்திருப்பவர்கள் அக்டோபரில் அடியோடு வெட்டிவிடுங்கள். அதைவிட, இந்த மண்ணின் ஆன்டிலோப் ஹார்ன்ஸ், கிரீன் மில்க்வீட் வகைகளை வையுங்கள்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். 1996-97 குளிர்காலத்தில் மெக்சிகோ காடுகளில் மோனார்க் அடைந்திருந்த பரப்பு 18.19 ஹெக்டேர். 2023-24இல் 0.90. அடுத்த ஆண்டு 1.79. களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளமும் சோயாவும் வந்தபின், அமெரிக்காவின் நடுப்பகுதி வயல்களில் மில்க்வீட் இல்லாமல் போனது இதற்குப் பெரிய காரணம். நம் வீட்டு டப்பாக்களால் அந்த இழப்பு ஈடாகாது. செடி வேண்டும். மெக்சிகோவிலிருந்து வசந்தத்தில் கிளம்பும் பூச்சிகள் முதலில் முட்டையிடுவது டெக்சாஸ் உள்ளிட்ட இந்தத் தென்பகுதியில்தான். நம் கோயிலுக்குப் பின்னால், வாகன நிறுத்தத்தை ஒட்டி ஒரு நீளத் துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. அதில் தலைதூக்கும் மில்க்வீடைப் புல்வெட்டும் வண்டி மழித்துவிட்டுப் போகிறது. காசு கொடுத்து மழிக்கிறோம்! பெரியவர்களே, அந்தத் துண்டை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஊரெல்லாம் நட வேண்டாம், அது ஒன்று போதும். அகல உழுவதை விட ஆழ உழு.

மெக்சிகோ மலைகளைப் பற்றிச் சொல்ல ஆசைதான். செயலாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். அதை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம்.

மில்க்வீட் விதைக்குக் குளிர் பட வேண்டும். அக்டோபர், நவம்பரில் மண்ணில் போட்டால் வசந்தத்தில் முளைக்கும். ஆகவே முடிவை இந்த மாதமே எடுக்க வேண்டும். காபி மேஜையில் மனு இருக்கிறது, பக்கத்தில் பேனாவும் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.