ஐஸ் பெட்டியில் அளைந்த கை

நேயர்களுக்கு வணக்கம். கவிதை எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளோடு இன்று ஒரே ஒரு வேலையைப் பற்றிப் பேசலாம்: எழுதியதை அடித்துத் திருத்துவது.

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் பிரதி இருபது வரி வரும். கடல், சூரியன், தியாகம், கண்ணீர், தெய்வம் எல்லாம் இருக்கும்; அம்மா மட்டும் இருக்கமாட்டார். ஒரு பென்சிலால் தியாகம், வலி, தனிமை, இதயம் மாதிரிச் சொற்களுக்கு வட்டம் போடுங்கள். எதையாவது சொல்லக் கூச்சப்படும் இடத்தில்தான் இவை வந்து உட்காரும். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் மூன்று கேள்வி: எந்த இடம், எத்தனை மணி, கையில் என்ன இருந்தது? 'தியாகம்' போய் இப்படி வரலாம்:

ஐஸ் பெட்டியில் அளைந்த கை
விறைத்துக் கிடக்கிறது.
என் நெற்றிச் சூட்டைக்
கன்னம் வைத்துப் பார்க்கிறாள்.

விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது, அதனால் கன்னம். இந்தக் காரணத்தைக் கவிதைக்குள் எழுதினால் காரியம் கெட்டது. குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். ஒரு பறவை, ஒரு பொழுது அவற்றுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

அடுத்தது கஷ்டம். மேலே உள்ள 'நான்' நல்ல பிள்ளை, காய்ச்சலில் படுத்திருக்கிறான். பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தனக்குப் பட்ட அடியைச் சொல்வதில் அவ்வளவு துணிச்சல் தேவையில்லை. தான் செய்ததையும் சொல்லிப் பாருங்கள்:

தண்டையார்பேட்டை பஸ்ஸில்
அவள் பக்கத்தில் இடம் இருந்தும்
நின்றுகொண்டே வந்தேன்.

மீன் வாடை என்று எழுத வேண்டாம். 'மன்னித்துவிடு அம்மா' வேண்டவே வேண்டாம்; எழுதியவர் மனம் ஆறிவிடும், படிப்பவருக்கு வேலை இருக்காது. இந்த மூன்று வரியைக் கடைசியில் வைத்தால் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும். முதலில் வையுங்கள், பிறகு வரும் கன்னம் கனக்கும்.

பெயர், தெரு, கதவு எண் எதுவும் வேண்டாம். காதலைப் பாடும் அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. பெயர் இல்லாததால்தான் அந்தத் தலைவிகள் அவ்வளவு பேசினார்கள் என்றுகூடத் தோன்றும். அடுத்தவர் நம்பிச் சொன்ன ரகசியம் என்றால், கேட்காமல் எழுதாதீர்கள்.

பிறகு சத்தமாக வாசியுங்கள். ஒண்டுக் குடித்தன வீட்டில் தனியறைக்கு எங்கே போவது? மொட்டை மாடி போதும். ஏதோ ஒரு வரியில் குரல் தானாகத் தாழும். அதை அடிக்கக் கை பரபரக்கும். தொடாமல் ஒரு வாரம் நோட்டை மூடிவையுங்கள். எட்டாம் நாளும் கூசினால் அந்த வரி இருக்கட்டும். கடைசி இரண்டு வரியை அடித்துப் பாருங்கள், விளக்கவுரை அங்கேதான் வந்து நிற்கும்.

வணக்கம்.