ஒரு கையெழுத்துக்கு மூன்று பேர்

வணக்கம். காற்றின் இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில், பிளாஸ் தார்ம் சதுக்கத்தின் பனை வரிசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் விக்டோரியா ராணியின் சிலை, அதற்குப் பின்னால் அரசு மாளிகை, அதை ஒட்டி நாடாளுமன்றம். கையில் தால் பூரி. காகிதமெல்லாம் எண்ணெய், அதனால் கேமராவை இடது கையில் பிடித்திருக்கிறேன்.

நேற்று ஒரு கல்யாண வீட்டில் ஏழு கறிப் பந்தி. பக்கத்து இலையில் என் மாமா. "இந்த ஜனாதிபதி எதற்கப்பா, ரிப்பன் வெட்டவா?" என்று கேட்டார். பந்தியில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2002 பிப்ரவரி நினைவுக்கு வந்துவிட்டது.

நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த சில மாதங்களில் நம் நாடாளுமன்றம் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது. அப்போது பிரதமர் அநிருத் ஜக்நாத். சந்தேகத்தில் பிடிபட்டவரை வழக்கறிஞரைக்கூடப் பார்க்கவிடாமல் 36 மணி நேரம் வைத்திருக்கலாம் என்பது அதில் ஒரு பிரிவு. மசோதா சட்டமாக வேண்டுமானால் ஜனாதிபதி கையெழுத்திட வேண்டும். அன்றைய ஜனாதிபதி காசாம் உத்தீம்.

அவருக்கு இருந்த அதிகாரத்தைப் பாருங்கள். சாதாரண மசோதா பிடிக்கவில்லையென்றால் 21 நாட்களுக்குள் "மறுபடியும் யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்பலாம். வரி, அரசியலமைப்புத் திருத்தம் என்றால் அதற்கும் வழியில்லை. திருப்பியதை நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் கையெழுத்திட்டே ஆக வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பதும் அதே நாடாளுமன்றம்தான், அதுவும் பிரதமர் கொண்டுவரும் தீர்மானத்தின் மேல். பெண் எடுத்த வீட்டில் பஞ்சாயத்துச் சொல்லப் போனவர் நிலைமை.

பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை. உத்தீம் கையெழுத்திடவில்லை, ராஜினாமா செய்தார். நாற்காலி துணை ஜனாதிபதி அங்கிடி செட்டியாரிடம் வந்தது. நம்மவர். சனி, ஞாயிறு கழிந்தன. திங்கட்கிழமை அவரும் கையெழுத்திட மறுத்து விலகினார். பேனாவைத் தொடாமலே மூன்று நாளில் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

இனி யார்? அரசியலமைப்பில் அதற்கும் பதில் இருக்கிறது. இரண்டு பதவியும் காலியானால் தலைமை நீதிபதி. அன்றைய தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை. அவரும் நம்மவரே! அவர் கையெழுத்திட்டார், மசோதா சட்டமானது. போட்டவரும் தமிழர், போடாதவரும் தமிழர் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிற ஊர் இது.

சிறு வயதில் எனக்குச் செட்டியார் வீரர், பிள்ளை பணிந்து போனவர். இப்போது அப்படிச் சொல்ல நா எழவில்லை. ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் விலகலாம், அடுத்தவர் இருக்கிறார். வரிசையின் கடைசியில் நிற்பவரும் விலகினால்? அதே சமயம் உறுத்தலும் இருக்கிறது. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று யாராவது வழக்குப் போட்டால் அது வந்து நிற்பது அவர் தலைமை வகிக்கும் உச்ச நீதிமன்றத்தில். சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, தீர்ப்புச் சொல்வது எனப் பள்ளியில் மூன்று கட்டம் போட்டு வரைந்தோமே, அந்தக் கோடுகள் அந்த ஒரு வாரம் ஒரே மனிதர் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. இதற்கும் மேலே, கடைசி மேல்முறையீட்டுக்கு பிரிவி கவுன்சில், லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் காலத்து நீதிமன்றம். 1992இல் குடியரசாகியும் அந்தக் கயிற்றை நாம் அறுக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை, சிறிய ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு, கடைசித் தீர்ப்பு வெளியிலிருந்தே வரட்டும்.

பிப்ரவரி 25ஆம் தேதி நாடாளுமன்றம் கார்ல் ஆஃப்மானை ஜனாதிபதியாக்கியது. பிள்ளை நீதிமன்றத்துக்குத் திரும்பினார். செட்டியாரை 2007இல் நாடாளுமன்றமே மீண்டும் துணை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. "அப்படியானால் ராஜினாமாதான் அவருடைய பெரிய அதிகாரமா?" என்று கேட்டார். ரிப்பனைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.