சேத்து உழவுக்கு இரும்புச் சில்லு: தகடு எந்தப் பக்கம் சரியவேணும்?

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு லாண்ட்மாஸ்டருக்கு, அதுதான் பின்னால நடந்து பிடிச்சு உழுகிற ரெண்டு சில்லு மெசினுக்கு, இரும்புச் சில்லு (சக்கரம்) பூட்டுறம். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி வாய்க்காலுக்கு வந்தாப்பிறகு சில்லு தேடித் திரிஞ்சு பிரயோசனமில்லை, முறை வைச்சு விடுற தண்ணி ஒருத்தருக்காகவும் காத்துக்கொண்டு நிக்காது. மாரி மழைக் காலபோகத்தில புழுதி விதைப்பு விதைக்கிற ஆக்களுக்கு இது வேண்டாம், ரப்பர் சில்லே காணும். சேத்துக்குள்ள இறங்கினால்தான் ரப்பர் கைவிடும். ரயர்ப் பல்லுகளுக்கு நடுவில களி அடைஞ்சு, முழுச் சில்லும் வழுவழு எண்டு குடம் மாதிரி வந்திடும். பிறகு நிண்ட இடத்திலயே சுத்தும்.

கனடாவில சொந்தக்காரர் இருக்கிற ஆக்கள் கேட்டுப் பாருங்கோ, அங்க பனியில ஓடுற ஸ்னோமொபைலின்ர ரப்பர் பெல்ட்டுக்கு ஆணி பூட்டுவினம். ஐஸ் கெட்டி, கூர் முனை குத்திப் பிடிச்சால் காணும். எங்கட சேத்தில கூர் முனை கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போயிடும். இங்க தள்ளுறதுக்கு அகலத் தகடு வேணும்.

சரி, வேலைக்கு வருவம். மெசினைச் சமமான கெட்டி நிலத்தில விடுங்கோ. எஞ்சினை நிப்பாட்டி, முன் ஸ்டாண்டை இறக்கி, கியர் பெட்டிக்குக் கீழ மரக்குத்தி ஒண்டு வையுங்கோ. ஸ்டாண்டை மட்டும் நம்பாதேங்கோ, ஒரு பக்கச் சில்லு கழண்டவுடன பாரம் மற்றப் பக்கம் சரியும். நட்டுகளைச் சில்லு நிலத்தில நிக்கேக்கையே இளக்கிப்போட்டுப் பிறகு தூக்குங்கோ. இந்த மெசினில ஹப் தட்டில போல்ட், 19 ஸ்பனர். சில மெசினில ஆறு மூலை அச்சும் குறுக்கு ஊசியும் இருக்கும். அந்த ஊசி தேஞ்சிருந்தால் ஆணி, கம்பி எண்டு எதையாவது செருகாதேங்கோ. சேத்துக்குள்ள முறிஞ்சால் சில்லு அங்கயே கிடக்கும், மெசின் ஒரு பக்கம் குப்புறப் படுக்கும்.

ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால நல்லாத் தேயுங்கோ. பழைய சேறு ஒரு சின்னப் பொருக்காக இருந்தாலும் சில்லு ஒட்டி உக்காராது. இறுக்கேக்க இறுகின மாதிரித்தான் இருக்கும், அரை மணித்தியாலம் ஓடினாப்பிறகு அந்தப் பொருக்கு நொறுங்கி நட்டு இளகும். ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பிறிங் வாசர் போடுங்கோ, எதிரும் புதிருமா இறுக்குங்கோ. வயலில முதல் அரை மணித்தியாலம் முடிய ஒருக்கா நிப்பாட்டித் திரும்ப இறுக்குங்கோ.

இப்ப முக்கியமான இடம், கமெராவைக் கிட்டக் கொண்டுவாறன். இந்தச் சில்லில 12 தகடு, 30 பாகைக்கு ஒண்டு. ஒண்டும் நேரா நிக்கேல்லைப் பாருங்கோ, எல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. பின்னால, நீங்கள் நடக்கிற இடத்தில நிண்டு சில்லின்ர உச்சியைப் பாருங்கோ. உச்சியில இருக்கிற தகட்டு நுனி உங்களைப் பார்த்துச் சரிஞ்சிருக்கவேணும். அப்பிடியெண்டால் அந்தத் தகடு கீழ போகேக்க சேத்தைப் பின்னாலயும் கீழயும் தள்ளும், மெசினுக்கு உந்தலும் கிடைக்கும், கொஞ்சம் மேல தூக்கியும் விடும். வெளிய வரேக்க நிமிர்ந்து வரும், சேத்தை அள்ளாது.

இடம் வலம் மாறிப் பூட்டினால் நுனி முன்னால சரியும். அப்ப என்ன நடக்கும்? ஒவ்வொரு தகடும் மண்வெட்டி மாதிரிச் சேத்தை அள்ளி மேல கொண்டுவரும், மெசின் தன்னைத்தானே புதைக்கும். கனபேர் இதுக்கு எஞ்சின் இழுவை காணாது எண்டு சொல்லி டீசல் பம்பைக் கழட்டிக்கொண்டு கராச்சுக்குப் போவினம். எஞ்சினில ஒரு பிழையும் இல்லை. கழட்டேக்கையே இடம், வலம் எண்டு பெயின்ற்றால அடையாளம் போடுங்கோ.

இன்னொண்டு தண்ணி. தண்ணி காணாட்டி எந்தச் சில்லும் அடையும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில இது இன்னும் மோசம், காயக் காயப் பசை மாதிரிப் பிடிக்கும். வயலில ரெண்டு மூண்டு விரல் தண்ணி நிக்க உழுங்கோ, தகடு தன்பாட்டில கழுவுப்படும். அடைஞ்சால் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத்தான் தடியால தட்டோணும். ஓடேக்க காலாலயோ தடியாலயோ தட்டுறது வேண்டவே வேண்டாம்.

வரம்பு ஏறேக்க நேர் குத்தா, முதல் கியரில, பலகை போட்டு ஏத்துங்கோ. சரிவா ஏறினால் ஒரு சில்லு மேல, ஒண்டு கீழ, பிரண்டிடும். இறக்கத்தில ஒரு விசயம் கவனம்: பக்கக் கிளச் (ஒரு பக்கச் சில்லை எஞ்சினில இருந்து விடுவிச்சு மெசினைத் திருப்பிற பிடி) அங்க எதிர்மாறா வேலை செய்யும். இடப்பக்கத்தைப் பிடிச்சால் இடச் சில்லு விடுபட்டு வேகமா உருளும், மெசின் வலப்பக்கம் திரும்பும். அதால இறக்கத்தில பக்கக் கிளச்சைத் தொடாமல், கைபிடியைத் தள்ளித் திருப்புங்கோ.

புதைஞ்சால் ரேஸ் பண்ணாதேங்கோ. பாரத்தைக் கழட்டி, சில்லுக்கு முன்னால வெட்டிச் சரிவாக்கி, மெதுவா எடுங்கோ. பெரிய ரக்ரர் வைச்சிருக்கிற ஆக்களுக்கும் சேர்த்துச் சொல்லுறன்: பின் சில்லோட மரக்குத்தியைச் சேர்த்துக் கட்டி ஏத்திற வேலை வேண்டாம். சில்லு சுத்த இடமில்லாட்டி முன்பக்கம் எழும்பி ரக்ரர் பின்னால மல்லாக்க விழும். அதில ஆள் தப்பிறது கஷ்டம்.

தகடு வெடிக்கிறது பெரும்பாலும் ஒட்டு (வெல்டிங்) முடியிற மூலையில. இஞ்ச, மயிர்க்கோடு மாதிரித் துருக்கோடு தெரியுது பாருங்கோ, அதுதான் தொடக்கம். மேலால ஒட்டினால் நிக்காது. கிறைண்டரால வெடிப்பை அடிமட்டும் வெட்டியெடுத்து, ரெண்டு பக்கமும் ஒட்டுங்கோ. ஒட்டினாப்பிறகு தண்ணி ஊத்தாதேங்கோ, தன்பாட்டில ஆறட்டும். சில்லைக் கழட்டி வைச்சு ஒட்டுறதுதான் நல்லது. மெசினிலயே ஒட்டுறதெண்டால் எர்த் கிளிப்பைத் தகட்டுக்குப் பக்கத்தில போடுங்கோ. எஞ்சினில போட்டால் கரண்ட் பெயரிங்குக்குள்ளால போய் அதைத் தின்னும்.

ஏ9 றோட்டோ ஏ35 றோட்டோ, தார் றோட்டில இரும்புச் சில்லோட ஓடுறேல்ல. றோட்டும் கிழியும், தகடும் வளையும். ரப்பர் சில்லில போய், இரும்புச் சில்லை இழுவைப் பெட்டியில ஏத்திக்கொண்டுபோய் வயல் கரையில மாத்துங்கோ. உழவு முடிஞ்ச அண்டைக்கே அச்சடியில சேத்தைக் கழுவி, ஓயில் சீலைச் சுத்திப் பாருங்கோ. அடுத்தநாள் காலமை, மெசின் அசையமுதல், கியர் பெட்டி அடி நட்டைக் கொஞ்சம் இளக்கி ரெண்டு சொட்டு ஓயில் எடுங்கோ. பால்தேத்தண்ணி நிறத்தில வந்தால் சீலுக்குள்ளால தண்ணி போயிட்டுது. சீலும் ஓயிலும் மாத்தாமல் அந்த மெசினைத் திரும்ப வயலுக்கு இறக்காதேங்கோ.