நிலா எங்கே இருந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆபிரகாம் லிங்கனை ஆளாக்கியது அவர் வக்கீல் தொழில் செய்த ஊரான ஸ்பிரிங்ஃபீல்டின் கோர்ட்டா, வாஷிங்டன் நாடாளுமன்றமா என்பது தலைப்பு. நான் கோர்ட்டு பக்கம்.

எதிரணி நண்பர், "கடன் பாக்கிக்கும் வேலித் தகராறுக்கும் வாதாடிய ஊர் வக்கீல்தானே!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்த ஊர் வக்கீலின் ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1858 மே மாதம். இல்லினாய் மாநிலம், பியர்ட்ஸ்டவுன் கோர்ட்டு. டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற பையன்மேல் கொலை வழக்கு. முக்கிய சாட்சி, இரவு பதினோரு மணி வாக்கில் ஏறக்குறைய 150 அடி தூரத்திலிருந்து கண்ணால் பார்த்தேன் என்கிறார். லிங்கன் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. அவ்வளவு தூரத்தில் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நிலா வெளிச்சத்தில் என்றார் சாட்சி. நிலா எங்கே இருந்தது? மேலே, நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. லிங்கன் விடவில்லை. திரும்பவும் கேட்டார், திரும்பவும் அதே பதில். சாட்சி தன் வாயாலேயே ஆணி அடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார் மனிதர்!

அப்புறம்தான் பஞ்சாங்கத்தை எடுத்தார். ஆமாம், பஞ்சாங்கம்தான்! 1857 ஆகஸ்ட் 29, கொலை நடந்த இரவு. புரட்டிக் காட்டினார். அந்த நேரத்தில் நிலா உச்சியில் இல்லை, மறையப் போகும் நிலா, அடிவானத்துக்கு இறங்கிவிட்டது. அவையோரே, ஒரு நிமிடம் அந்த சாட்சியின் முகத்தை நினைத்துப் பாருங்கள். பையன் விடுதலை!

நண்பரே, வேலித் தகராறு என்று இளக்காரமாகச் சொன்னீர்களே, வேலித் தகராறில் முதல் கேள்வி என்ன? எந்த இடம் என்பதுதான். 1847 டிசம்பரில், நாடாளுமன்றத்துக்குப் போன புதிதில், லிங்கன் கேட்டதும் அதுதான். மெக்சிகோ நம் மண்ணில் நம் ரத்தத்தைச் சிந்தியது, அதனால்தான் போர் என்றார் அன்றைய அமெரிக்க அதிபர் போல்க். அந்த இடம் எது, காட்டுங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார் இந்த ஊர் வக்கீல். நாட்டின் அதிபருக்கே குறுக்கு விசாரணை! இதையா நாடாளுமன்றம் கற்றுக்கொடுத்தது? அங்கே கிடைத்தது கேலிப் பெயர். இருந்தது ஒரே தவணை. 1849இல் ஊருக்குத் திரும்பி மறுபடி வக்கீல் தொழில்தான்.

அந்தப் பையனின் அம்மா ஹன்னாவைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் என் மனம் ஆறாது. இளவயதில் லிங்கன் கையில் காசில்லாமல் நியூ சேலம் என்ற சிற்றூரில் திரிந்த நாளில் சோறு போட்டவர், கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்தவர். விதவையான அந்தத் தாய் வந்து நின்றபோது லிங்கன் ஒரு காசு ஃபீஸ் வாங்கவில்லை. பையனைத்தான் திருப்பிக் கொடுத்தார்.

1861இல் அதிபராகக் கிளம்புகிறார். கூட்டாளி ஹெர்ண்டனிடம், ஆபீஸ் பெயர்ப்பலகையைக் கழற்றாதே, உயிரோடிருந்தால் திரும்பி வருவேன், எதுவுமே நடக்காதது போலத் தொழிலைத் தொடர்வோம் என்றார்.

ஐயா, அவர் திரும்பி வந்தார். 1865 மே மாதம், ரயிலில், சவப்பெட்டியில். ஊரே திரண்டு வந்து நின்றது.