புகை வராத கூடம்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் என்றொரு மாவட்டம். அங்கே இன்றும் நிற்கிற கட்டடங்களில் மிகப் பழையது ஒரு குடியானவர் வீடு. முழுக்கக் கல். வாசல் நிலைக்கு மேலுள்ள கல்லில் ஒரு பக்கம் 17, மறுபக்கம் 19, நடுவில் கட்டியவரின் பெயரெழுத்துகள். 1719-ல் கட்டியவர் கிறிஸ்டியன் ஹெர். ஆனால் ஊரார் சொல்வது அவருடைய அப்பா பெயரை: ஹான்ஸ் ஹெர் வீடு. அப்போது பெரியவருக்கு எண்பது வயது.

இவர்கள் மென்னோனைட் கிறிஸ்தவர்கள். ஆயுதம் தொட மாட்டார்கள், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். அதனாலேயே சுவிட்சர்லாந்தில் இருக்க விடவில்லை. ஜெர்மனியில், ரைன் நதிப் பக்கம் கொஞ்ச காலம் தங்கிவிட்டு 1710-ல் கடல் தாண்டி வந்தார்கள்.

சரி, உள்ளே போவோம். வாசலைத் தாண்டினால் நேரே சமையலறை. வீட்டின் நடுவில் பெரிய புகைபோக்கி. சுவருக்கு அந்தப் பக்கம் ‘ஷ்டூபெ’ என்கிற கூடம். அங்கே வார்ப்பிரும்புத் தகடுகள் ஐந்தைச் சேர்த்த பெட்டி போன்ற கணப்பு சுவரோடு ஒட்டி நிற்கும். அதன் வாய் சமையலறை அடுப்பங்கரையில் திறந்திருக்கும். தணலை அங்கிருந்தே தள்ளுவார்கள். புகையும் அந்த வழியே திரும்பிப் போய்விடும். கூடத்துக்கு வருவது சூடு மட்டும்தான். விறகடுப்பு முன்னால் கண் எரிய ஊதியவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும்! அந்த வீட்டில்தான் சபையார் கூடித் தொழுதார்கள். அதற்கெனத் தனிக் கோயில் கட்டவில்லை.

1860-களுக்குப் பிறகு யாரும் குடியிருக்காமல் தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமாகிப்போன வீட்டைச் செப்பனிட்டு, 1974-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணில் முன்பே வாழ்ந்தவர்கள் கொனஸ்டோகா உள்ளிட்ட பூர்வகுடி மக்கள். 1763 டிசம்பரில் வெள்ளையர் கும்பலொன்று, எஞ்சியிருந்த கொனஸ்டோகாக்களில் இருபது பேரை, குழந்தைகளையும் சேர்த்துக் கொன்றது. கொன்றவர்கள் மென்னோனைட்டுகள் அல்ல. ஆனாலும் அந்த வளாகத்திலேயே 2013-ல் பூர்வகுடிகளின் நீள்வீடு ஒன்றை அதே வடிவில் எழுப்பியிருக்கிறார்கள். நடுவில் தீ மூட்டும் இடம், புகை போகக் கூரையில் திறப்பு.

போகிற வாய்ப்பு அமைந்தால் முதலில் அந்த நீள்வீட்டுக்குள் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கல்வீட்டை அப்புறம் பார்க்கலாம்.

வணக்கம்.